துண்டுக்குள் நீட்டிய கை

அன்புள்ள மகனுக்கு,

இதுவரை நான் உனக்கு எழுதியதெல்லாம் கார்டுதான். சரக்கு வந்தது, மழை இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான். கார்டில் அடங்காத சங்கதி எதுவும் நமக்குள் கிடையாது என்று நினைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் வீட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லவேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய ஒன்றையும் சொல்லவேண்டும். உன் அம்மாவிடம்கூட அதை நான் சொன்னதில்லை. ஆகையால் இன்று மண்டிக்குப் போகாமல், திருவானைக்காவல் வீட்டிலேயே உட்கார்ந்து முழுத்தாளில் எழுதுகிறேன். பட்டறைச் சங்கு ஊதுகிற அவசரத்தில் இதைப் பிரிக்காதே. வெளிச்சம் இருக்கும்போது, நாலு பேர் நடமாடுகிற இடத்தில் உட்கார்ந்து படி.

நீ உன் பெண்டாட்டிக்கு எழுதிய கடிதத்தை அவள் என்னிடம் காட்டிவிட்டாள். அப்பாவிடம் காட்டாதே என்று நீ எழுதியிருந்ததையும் சேர்த்தே படித்தேன். அவளைக் கோபிக்காதே. புத்தூரில் அவள் அம்மா வீட்டில் குழந்தை பிறந்த அன்று, நீ அதன் தலையில் கை வைத்து, "இனிமே சிகரெட்டைத் தொட்டா இந்தக் குழந்தையத் தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தாய். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். மெட்ராஸ் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பிடித்துவிட்டாய். விட்டாய், மறுபடி பிடித்தாய். மறுபடி விட்டு மறுபடி பிடித்தாய். ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வருவதைத் தள்ளிப்போட்டாய். பெயர் வைக்க வரவில்லை. தாயும் பிள்ளையும் இப்போது நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அழைத்துப்போக வரவில்லை. உன் மகள் குப்புற விழுந்து, தவழ்ந்து, இப்போது தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீ அவளைப் பிறந்த அன்று பார்த்ததோடு சரி. "முழுசா விட்டுட்டுத்தான் வருவேன், அதுவரைக்கும் என்னைத் தேடாதே" என்று எழுதியிருக்கிறாய்.

உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வியாபாரியாகச் சொல்கிறேன், நீ போட்டது கெட்ட பேரம். சிகரெட்டுக்கும் உனக்கும் உள்ள வழக்கில் ஒன்றும் அறியாத குழந்தையை ஈடாக வைத்தாய். நீ தோற்கிற ஒவ்வொரு தடவையும் இழப்பு அவளுக்கு. இழப்பைப் பார்க்கப் பார்க்க உனக்கு வெட்கம், வெட்கம் வந்தால் தனியறை, தனியறையில் மறுபடி சிகரெட். இந்தச் சுற்று எனக்குத் தெரியும். எனக்குச் சிகரெட் இல்லை, உறையூர்ச் சுருட்டு. கறுப்பாக, கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கும். நீ சிறுபிள்ளையாக இருந்தபோது என் மேல் ஏறி விளையாட வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அந்த நாற்றம் உனக்கு நினைவிருக்கும்.

ராவுத்தரையும் உனக்கு நினைவிருக்கும். காந்தி மார்க்கெட்டில் என் வாழைக்காய் மண்டிக்கு எதிர்வாடையில் வெங்காய மண்டி வைத்திருந்தாரே, பள்ளிக்கூடம் விட்டு நீ வரும்போது பிடித்து நிறுத்தி, சட்டைப் பையில் பேரீச்சம்பழம் போட்டு அனுப்புவாரே, அவர்தான். அவருக்குப் பீடி. காலையில் கடை திறந்ததும் தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவார், இந்தப் பக்கம் நான் இருமுவேன். "ரெண்டு மண்டியும் தொறந்தாச்சுடோய்" என்று வண்டிக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஒரு ஐப்பசியில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு, புத்தூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். "அடுத்த தடவை நீங்க நடந்து வர மாட்டீங்க, தூக்கிட்டு வருவாங்க" என்றார் டாக்டர். ராவுத்தர் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் நகர்ந்ததும், "யோவ் வாழக்கா, நீ போயிட்டா எதிர்த்தாப்புல யாருய்யா இருமுவா?" என்றார். பிறகு வராந்தாவுக்குப் போய்ப் பீடிக்கட்டை எறிந்துவிட்டு வந்தார்.

அதற்கு முன் நாங்களும் சத்தியம் செய்து பார்த்தவர்கள்தான். நான் அகிலாண்டேசுவரி சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, கோபுரவாசல் தாண்டி டீக்கடையில் பற்றவைத்தவன். அவர் நோன்பு மாசத்தில் பகலெல்லாம் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்துவிட்டு, நோன்பு திறந்த கையோடு பீடியைத் தேடியவர். "சாமிகிட்ட சொல்லியாச்சு, சரி. ஆனா சாமி சாயங்காலம் வந்து, இன்னிக்கு எத்தனை குடிச்சேன்னு கேக்குதா? கேக்க ஒரு ஆளு வேணும்யா. திட்டாத ஆளா இருக்கணும்" என்றார் ராவுத்தர்.

எங்கள் மண்டியில் விலை பேசுகிற விதத்தை நீ சின்ன வயசில் வேடிக்கை பார்த்திருக்கிறாய். வாங்குகிறவனும் விற்கிறவனும் வாயைத் திறப்பதில்லை. வலது கையை நீட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றிப் பத்துப்பேர் நின்றாலும் ஒருவனுக்கும் தெரியாது. துண்டுக்குள் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது, துண்டுக்குள் பொய் சொல்லக்கூடாது. இந்த இரண்டையும் மீறினவனுக்கு அப்புறம் மார்க்கெட்டில் யாரும் கை கொடுக்கமாட்டார்கள். ராவுத்தரின் வலது கை மோதிர விரலில் மேல்கணு கிடையாது, எப்போதோ வண்டிச் சக்கரத்தில் நசுங்கிப் போனது. "ராவுத்தர் கையில நாலு புடிச்சா மூணே முக்கால்னு வச்சுக்க" என்று தரகர்கள் சிரிப்பார்கள். பேரத்துக்கு முன்னால் உள்ளங்கையை ஒரு தடவை அழுத்துவார். சொல்லு என்று அர்த்தம்.

அந்தத் துண்டைத்தான் நாங்கள் சுருட்டுக்கும் பீடிக்கும் எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் வியாபாரம் ஓய்ந்து, கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற நேரத்துக்குத் தெருவைத் தாண்டி வருவார். "கையக் குடுய்யா." துண்டைப் போடுவார், ஒரு அழுத்து. அன்று எத்தனை குடித்தேனோ அத்தனை விரலை நான் பிடிப்பேன். பிறகு என் கையில் அவர் பிடிப்பார். ஒன்றுமில்லை என்றால் மூடிய கை. கூடினாலும் குறைந்தாலும் ஒரு வார்த்தை கிடையாது. கூடியிருந்தால் மட்டும் இருவரும் காவேரிப் பாலம் வழியே அம்மா மண்டபம் வரைக்கும் நடந்துவிட்டு வருவோம்.

ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து கொள்முதல் எல்லாம் கரையிலேயே அழுகிப்போனது. மாதக்கணக்கில் மூடிய கை காட்டியவன், அன்றைக்கு அவருடைய கையை மொத்தமாகப் பிடித்துவிட்டு, மறுபடியும் ஒரு தடவை மொத்தமாகப் பிடித்தேன். "அடேயப்பா, இன்னொரு கைய வீட்லேர்ந்து எடுத்தாரணும் போலிருக்கே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் போச்சு ராவுத்தரே, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்றேன். அவர் சொன்னதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். "என்னய்யா போச்சு? குடிக்காத நாளெல்லாம் எங்க போச்சு? அதை எந்த வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சு? தாருல ஒரு காய் அழுகினா தாரையேவா ஆத்துல போடுவே? அழுகினதக் கிள்ளிப் போட்டுட்டு ஏவாரத்தப் பாருய்யா." நாளைக்கும் இதே நேரம் வருவேன் என்று போனார். வந்தார். நான் மூடிய கை காட்டினேன்.

இப்படியாக இருவரும் ஒரேயடியாக விட்டோம். அதற்கப்புறம் அவர் ரொம்ப நாள் இருக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து, வெங்காய மூட்டையில் சாய்ந்து தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வெகுநேரம் என் கடையையே பார்க்கிறார் என்று நினைத்து நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. அடக்கத்துக்குப் போய் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் தெருவில் தண்ணீர் தெளித்த வாசனை வந்ததும், என் கை தானாகத் துண்டை எடுத்து மேலே போட்டுக்கொண்டு, அப்படியே நீண்டுகொண்டு இருந்தது. யாரும் வரவில்லை. அன்றைக்கே உறையூர்ச் சுருட்டு என் வாய்க்கு வந்துவிட்டது.

உன் அம்மாவுக்குத் தெரியாமல் குடிப்பதற்கு எனக்கு ஒரு வசதி இருந்தது. வாழைக்காயைப் பழுக்கவைக்க மூட்டம் போடுவோமே, அந்த அறை. ஜன்னல் கிடையாது. குனிந்து போகிற ஒரே வாசல். உள்ளே தார்களைச் சுவர்போல அடுக்கி, சட்டியில் வரட்டியும் சருகும் போட்டுப் புகையவிட்டு, பலகைக் கதவைச் சாத்தி, சந்து தெரியாமல் களிமண் பூசிவிட வேண்டும். உள்ளே போய் வந்தவன் மேல் புகை நாறினால் அது மூட்டப் புகையா சுருட்டுப் புகையா என்று யார் கண்டது? மூட்டம் போடுவதற்கு முன் அடுக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய், தார்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சுருட்டை முடித்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. என் அறையிலேயே நான் திருடனைப் போல நுழைந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷ வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் கூட்டம் தாங்காது என்று பேச்சு. மூட்ட அறையில் கழுத்து மட்டம் சரக்கு. பட்டப்பகல். நான் உள்ளே போனது மூட்டம் போடுகிற சின்னானுக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்த அதே சின்னான்தான், அப்போது மீசை கறுப்பாக இருந்தது. அவன் சட்டியை வைத்து ஊதிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டான். வெளிச்சம் போன பிறகும்கூட, இன்னும் இரண்டு இழுப்பு என்று நான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் களிமண்ணை அறைகிற சத்தம் கேட்டது. சப், சப் என்று. எழுந்து கூப்பிட வாயைத் திறந்தேன், வாய் நிறையப் புகை போனது. தரையில் விழுந்தேன். கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. நானே கட்டிய அறை. நாலு பக்கமும் வாழைத்தார் மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. களிமண் சத்தமும் நாலு பக்கமிருந்தும் வருவதுபோல இருந்தது.

தோளிலிருந்த துண்டு நழுவி என் வலது கை மேல் விழுந்தது. அந்தத் துண்டுக்குள் ஒரு கை வந்தது.

வந்து, என் உள்ளங்கையை ஒரு தடவை அழுத்தியது.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நேரத்தில் பயத்தைவிடப் பழக்கம்தான் முந்திக்கொண்டது. கேட்டால் சொல்லவேண்டும். ஒன்று என்று சொல்ல ஒரு விரலைப் பிடித்தேன். என் கைக்கு அகப்பட்ட விரலுக்கு மேல்கணு இல்லை.

அந்தக் கை சூடாகவும் இல்லை, சில்லென்றும் இல்லை. மழைக்காலத்து வெங்காய மூட்டையைத் தொடுவதுபோல லேசான ஈரம், அவ்வளவுதான். அது திட்டவில்லை, நடந்தது. கதவு இருக்கும் என்று நான் நினைத்ததற்கு நேர் எதிர்த்திசையில் என்னை இழுத்தது. தவழ்ந்து போனேன். நெற்றி பலகையில் இடித்தது. அதே சமயம் வெளியே சின்னான் களிமண்ணைப் பிய்த்துக் கதவைத் திறந்தான். "ஐயோ முதலாளி! உள்ளயா இருந்தீங்க!" என்று அலறினான். என்னை இழுத்துத் தெருவில் போட்டு, தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டு, அவன் மறுபடி அறைக்கு ஓடினான். தார்களைத் தள்ளித் தள்ளித் தேடிவிட்டு வந்து, "கூட இருந்தது யாருங்க? எங்க போனாங்க?" என்றான். யாருமில்லையே என்றேன். "இல்லீங்களே, ரெண்டு பேரு இருமுற சத்தம் கேட்டுச்சே. அதனாலதான் தொறந்தேன். ஒண்ணு நீங்க, இன்னொண்ணு..." அவன் தெருவுக்கு அந்தப் பக்கம் சாத்திக் கிடந்த வெங்காய மண்டியைப் பார்த்தான். இன்று வரை அவனும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவன் அல்ல. கண்ணால் பார்க்காத சரக்குக்கு ஒருநாளும் முன்பணம் கொடுத்ததில்லை. மூட்டப் புகை தலைக்கேறினால் எதுவும் தோன்றும் என்று எனக்குத் தெரியும். கையில் பட்டது தாரின் காம்பாக இருக்கலாம். இருமல் எதிரொலியாக இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நீ முடிவு கட்டினால் நான் மறுக்கமாட்டேன். நானும் பல நாள் அப்படி முடிவு கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். ஒன்று மட்டும் தெரியும். என்னை அந்த அறைக்குள் உட்காரவைத்தது வெறும் சுருட்டு மட்டுமல்ல, ஒளிந்து குடித்த சுருட்டு. நாலு பேர் பார்க்கத் தெருவில் நின்று குடித்திருந்தால் சின்னான் என் மேல் மண் பூசியிருக்கமாட்டான்.

அன்று சாயங்காலம் தெருவில் தண்ணீர் தெளித்த பிறகு சின்னானைக் கூப்பிட்டேன். அவனும் பீடிக்காரன். துண்டைப் போட்டுக் கையை நீட்டினேன். "என்னங்க முதலாளி, என்கிட்டயா?" என்று கூசினான். சுற்றியிருந்தவர்கள், முதலாளியும் கூலியாளும் என்னடா பேரம் பேசுகிறார்கள் என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று அவன் கையில் ஒரு விரலைப் பிடித்தேன். அவன் ஐந்து என்று என் கையை முழுசாகப் பிடித்தான். அதிலிருந்து நாங்கள் இருவரும் தினம் கை கொடுத்துக்கொள்கிறோம். நடுவில் நான் விழுந்திருக்கிறேன், அவனும் விழுந்திருக்கிறான். இப்போது இருவருக்கும் மூடிய கைதான், ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. சில சாயங்காலம் சின்னான் வராத நாளிலும் நான் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். சில நாள் சும்மா இருக்கும். சில நாள் லேசாக ஈரம் தட்டும். முன்பெல்லாம் அந்தக் கை அழுத்திக் கேட்கும். இந்த வருஷம் அது கேட்பதில்லை. பிடித்துக்கொண்டு சும்மா காத்திருக்கிறது. எனக்கும் வயசாகிறது, அது எதற்குக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமலில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் கூடத்து ஊஞ்சலில் என் துண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, டம்ளரையும் டவராவையும் வைத்துக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். உன் மகள் ஊஞ்சல் பலகையைப் பிடித்து எழுந்து நின்று, துண்டுக்குள் கையை விட்டாள். விட்டவள் அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள், எதையோ பிடித்து ஆட்டுகிற மாதிரி கையை ஆட்டி ஆட்டி. துண்டு இரண்டு பக்கமும் அசைந்தது. உன் பெண்டாட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன மாமா, பேத்திகிட்ட வாழக்கா ஏவாரமா?" என்று கேட்டாள். ஆனால் என் இரண்டு கையும் காபியில் இருந்தன. நான் போய்த் துண்டைத் தூக்கிப் பார்த்தபோது பலகை மட்டும் இருந்தது, கொஞ்சம் ஈரமாக. குழந்தைதான் எச்சில் பண்ணியிருப்பாள் என்றாள் உன் அம்மா. இருக்கலாம். குழந்தையின் கையை நான் துடைத்துவிட்டபோது அவள் விரலை மூடிக்கொண்டு காட்டமாட்டேன் என்றாள்.

இரவு சாப்பாடு பரிமாறும்போது உன் பெண்டாட்டியிடம் கேட்டேன், என்னம்மா எழுதட்டும் அவனுக்கு என்று. "சிகரெட்டோட வந்தாலும் பரவால்ல மாமா, வரச் சொல்லுங்க. அவங்க விடறதுக்காக நாங்க காத்திருக்கல, அவங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றாள். அதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது? நாற்றத்தோடு வா. சட்டைப் பையில் பாக்கெட்டோடு வா. தெருவில் நின்று ஊதிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து குழந்தையைத் தூக்கு. அந்தச் சத்தியம் செல்லாது. செய்தபோது சாட்சியாக நின்றவன் நான், நானே தள்ளுபடி செய்கிறேன். சாயங்காலம் மண்டிக்கு வா. எத்தனை என்று துண்டுக்குள் சொல். நான் திட்டமாட்டேன். கூடிப்போயிருந்தால் பாலம் வழியே ஸ்ரீரங்கம் வரைக்கும் நடந்துவிட்டு வருவோம், எனக்கு மூச்சு வாங்கினால் நீ நின்றுகொள். திரும்ப மெட்ராஸ் போனால் பட்டறையில் உன்னைப்போல விட்டு விட்டுப் பிடிக்கிற ஒருவன் இருப்பான். எல்லாப் பட்டறையிலும் இருக்கிறான். அவனிடம் கையை நீட்டு. யோக்கியனைத் தேடாதே, உன்னைப்போலவே விழுந்து எழுந்தவனைத் தேடு.

அப்படி ஒருவனும் அகப்படாத சாயங்காலமும் வரும். அப்போது உன் துண்டைக் கை மேல் போட்டுக்கொண்டு உட்கார். என் கை உனக்குத் தெரியும். கட்டைவிரலின் அடியில் தார் அறுக்கிற அரிவாள் பட்ட தழும்பு, நீ சின்ன வயசில் தடவித் தடவிப் பார்ப்பாயே, அது. என் காலத்துக்குப் பிறகு எப்போதாவது அந்தத் தழும்பு உன் உள்ளங்கையில் தட்டினால் பயந்து கையை இழுத்துக்கொள்ளாதே. அது கேட்கும். உள்ளதைச் சொல்லிவிடு.

ஆனால் அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இந்தக் கையில் இப்போதைக்குச் சூடு இருக்கிறது. இந்த வாரமே ரயில் ஏறு.

உன் அப்பா